வெற்றிடத்தில் முத்திரை இடவும்

இதனால் கலை வரலாறு பயில்வோர், பயிற்றுவிப்போர், பயில்வதாக வீட்டில் சொல்லிவைத்திருப்போர் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஐயாயிரம் ஆண்டு நாகரிகத்தில் எவரும் செய்யத் துணியாத காரியமாக, நமது பல்கலைக்கழகத்தின் நூலகம், அருங்காட்சியகம், கலைக்கூடம் ஆகிய மூன்றும் இன்று முதல் ஒன்றாகின்றன. வானமும் பூமியும் மனிதனும் ஒன்றாவதற்கு நிகரான இந்நிகழ்வை முன்னிட்டு, வருகை தருவோருக்குக் கோழிக்கால் வைத்த சோற்றுப் பெட்டி வழங்கப்படும். சைவம் வேண்டுவோர் முன்கூட்டியே கையை உயர்த்தவும்.

சிவப்புத் துணியில் மஞ்சள் எழுத்தில் இந்த அறிவிப்பு தைவானில் தைனான் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் வாசலில் தொங்கியது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பெயரைப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். அங்கே அனுமதி வாங்குவது எப்படி என்பதுதான் இந்தக் கதையே.

மூன்றும் ஒன்றாயின என்றால், முன்பு திறந்திருந்த மூன்று கதவுகளையும் மூடிவிட்டு ஒரு சாளரத்தைத் திறந்தார்கள் என்று பொருள். அதற்கு ‘முப்பெரும் கலைவள நடுவம்’ என்று பெயர். சாளரத்துக்குப் பின்னால் ஹுங் என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க அதன் தலையில் பச்சைப் பொட்டலச் சோளப்பொரி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பச்சை என்றால் ‘சமத்தாக இரு’. ஊரில் உள்ள எல்லா இயந்திரங்களும் இப்படித்தான் சமத்தாக இருக்கின்றன. மனிதர்களுக்கு அப்படியொரு பொட்டலம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

திறப்பு விழாவில் நடுவத்தின் இயக்குநர் ஔயாங் போ-சியென் பேசினார். வெள்ளி முடி, கழுத்து மூடிய கருநீலச் சட்டை, விரலில் பச்சைக்கல் மோதிரம். ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் ஒலிபெருக்கிக் குரல்.

“மாணவர்கள்தான் நம்ம வாசல் தெய்வங்கள்!” என்றார். கைத்தட்டல். “வாசல் தெய்வம் எங்க நிக்கணும்? வாசல்ல நிக்கணும். உள்ள வந்துட்டா வீட்டுக்கு ஆகாது. அதனாலதான் உங்களுக்காக வாசல்லயே இவ்ளோ பெரிய சாளரம் வச்சிருக்கோம்!”

மேலும் கைத்தட்டல். கடைசி வரிசையில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்த கோ யுன்-ரூ மட்டும் தட்டவில்லை. கையில் எண்ணெய்.

யுன்-ரூவுக்கு அது முதுகலையில் நான்காவது வருடம். அதற்குமேல் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஜூலைக் கடைசிக்குள் ஆய்வேடு ஏறாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்; அவள் அம்மாவின் பால்மீன் கஞ்சிக் கடையில் முள் எடுக்கும் ஆள் ஒருவர் கூடுவார்.

அவளுடைய ஆய்வு ஒரே ஓவியத்தைப் பற்றியது. ‘பனிக்கரை’. வரைந்தவர் ஒற்றைச்செருப்புத் துறவி என்று அழைக்கப்பட்ட ஒருவர். இன்னொரு செருப்பு என்ன ஆயிற்று என்பது குறித்துத் தனி ஆய்வேடுகள் உண்டு. நீளமான தொங்கு சுருள். கீழே இடது மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படகு. உச்சியில் வலது மூலையில் மலைமுகட்டின் நுனி. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை, வெறும் பனி. அந்த ஒன்றுமில்லாததைப் பற்றி நான்கு தலைமுறைப் பேராசிரியர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதி வீடு கட்டியிருந்தார்கள். சூனியம் என்றார்கள், மௌனம் என்றார்கள், பிரபஞ்சம் விடும் மூச்சு என்றார்கள்.

யுன்-ரூவின் கேள்வி கொஞ்சம் அற்பமானது. அந்தப் பனி, தாளை அப்படியே விட்டதால் வந்த பனியா, இல்லை மிக மெல்லிய சாயத்தைத் தூரிகையால் பூசி வரைந்த பனியா? விட்டதா, வரைந்ததா? நான்கு தலைமுறையில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்று கதவுகளும் திறந்திருந்த நாளிலேயே அவள் முதலில் நூலகத்துக்குப் போயிருந்தாள். நூலகத் தலைவி திருமதி தூ, ‘அரிய நூல்’ என்று முத்திரை குத்திய பெரிய படத்தொகுப்பைக் கொண்டுவந்து, யுன்-ரூவின் பேனாவைப் பறித்துப் பென்சில் கொடுத்து, கையுறை மாட்டவைத்து, புத்தகத்தைப் பஞ்சணையில் படுக்கவைத்தார். ‘பனிக்கரை’ இரண்டு பக்கம் விரிந்து அழகாக அச்சாகியிருந்தது. படத்தின் நடுப்பகுதி தையலுக்குள் போய்விட்டது.

“மேடம், நடுவுல இருக்கற பனி பைண்டிங்குக்குள்ள போயிடுச்சே.”

“போகட்டும் தங்கச்சி. அங்க ஒன்னுமில்லன்னு எல்லாருமே எழுதியிருக்காங்களே.”

“அந்த ஒன்னுமில்லாததத்தான் மேடம் நான் பாக்கணும்.”

திருமதி தூ கண்ணாடியைக் கழற்றி அவளைக் கனிவோடு பார்த்தார். “ஒன்னுமில்லாதத பாக்க எதுக்குப் புத்தகம்? அந்தச் சுவரப் பாரு. ஒன்னுமே இல்ல. இலவசம்.” பிறகு, பையன்கள் யாராவது மனதைக் கெடுத்துவிட்டார்களோ என்று விசாரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

அடுத்து கலைக்கூடம். அதன் பொறுப்பாளர் லியென் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தியவர், வட்டக் கண்ணாடி, எதைப் பார்த்தாலும் சற்றுத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ‘பனிக்கரை அனுபவம்’ என்று ஓர் இருட்டறையையே அமைத்திருந்தார். நாலு சுவரிலும் படம் ஓடியது. இயந்திரம் நிஜமாகவே புகை கக்கியது. பைன் மர வாசனை வந்தது. மூலையிலிருந்த படகுக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டு யுன்-ரூவைப் பார்த்துக் கையசைத்தான்.

“மூல ஓவியத்துல இவன் கையசைக்க மாட்டானே?” என்று கேட்டாள் யுன்-ரூ.

“அதான் மூலத்தோட குறை,” என்றார் லியென். “தப்பா நினைக்காத. மூலம் ரொம்ப… எப்படிச் சொல்றது… அசையாம கிடக்கு. மக்களுக்கு ஒட்டவே மாட்டேங்குது. இங்க பாரு, பனிக்குள்ள கைய விடு. விட்டியா? பறவை பறக்குது பாரு!”

கொக்குகள் பறந்தன. மூல ஓவியத்தில் கொக்கு கிடையாது.

“பனி எந்தச் சாயத்துல வரைஞ்சதுன்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா, அண்ணா?”

“பனியா? அது கிளிசரின்,” என்றார் லியென். வெளியேறும் வழி கடை வழியாகத்தான் இருந்தது. அங்கே ‘வெற்றிடக் கோப்பை’ விற்றார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது, அதுதான் தத்துவம் என்று அட்டையில் போட்டிருந்தது.

ஆக, மூலத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூலம் அருங்காட்சியகக் கிடங்கில் இருந்தது. அதற்கு வழி சாளரம். சாளரத்தில் ஹுங்.

ஹுங் நல்ல மனிதர். மதியம் மேசையில் தலை வைத்துத் தூங்கி எழுந்த வரி கன்னத்தில் மாறாமல் இருக்கும். விண்ணப்பத்தை எடுத்துக்கொடுத்து ஒரே ஒரு புத்திமதி சொன்னார்.

“தங்கச்சி, ஒரு இடம்கூடக் காலியா விடாத. காலியா இருந்தா மேல இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க. போன மாசம் ஒரு பையன் ‘நடுப்பெயர்’ங்கற கட்டத்த விட்டுட்டான். நம்ம யாருக்குமே நடுப்பெயர் கிடையாது. ஆனா விட்டுட்டான்ல? ஊருக்கே போயிட்டான் பாவம்.”

யுன்-ரூ காலியே விடவில்லை. ஓரம்வரை எழுதினாள். பின்பக்கமும் எழுதினாள். ஓரத்தில் மிச்சமிருந்த கீற்றில் ஆய்வின் முக்கியத்துவத்தைப் பொடி எழுத்தில் இறக்கினாள். ஓர் எறும்பு நடக்க இடமில்லை. ஹுங் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இதுதான் விண்ணப்பம்!” என்று சொக்கிப்போனார்.

இயக்குநர் ஔயாங் அவளை நேரில் வரச்சொன்னார். அறை முழுக்க அவரே எழுதிய எழுத்தோவியங்கள். மேசையில் சந்தனப் பெட்டி. அதற்குள் பட்டுத்துணியில் பொதிந்த முத்திரைக் கற்கள். வருபவர்களுக்குத் தேநீர் தருவதற்கு முன் அவர் முத்திரைகளைக் காட்டுவார். பல பேருக்குத் தேநீர் கிடைத்ததில்லை.

“நம்ம மரபுல ஒரு ஓவியத்தப் பாத்தவன் சும்மா போகமாட்டான்,” என்றார். “முத்திரை வச்சுட்டுப் போவான். நான் பாத்தேன், நான் ரசிச்சேன்னு. பேரரசர்கள் வச்சாங்க. மந்திரிகள் வச்சாங்க. வரலாறுங்கறது என்ன? யார் யார் முத்திரை வச்சாங்கங்கறதுதான் வரலாறு. வரைஞ்சவன் ஒரே ஒருத்தன். பாத்தவங்க எத்தனை பேர்! பெரும்பான்மை யாரு? சொல்லு.”

“பாத்தவங்க, இயக்குநர் ஐயா.”

“கெட்டிக்காரி. நானே ஒரு விதி எழுதியிருக்கேன். படி.”

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. ‘ஒப்புதல் தரும் ஒவ்வோர் அலுவலரும் படைப்பை நேரில் கண்ட பின்னரே, வெற்றிடத்தில் முத்திரை இடவும்.’

“பாக்காம முத்திரை வைக்கற பழக்கத்த ஒழிச்சேன். அதனால இனி விண்ணப்பம் தனியாப் போகாது. ஓவியமும் பெட்டியோட கூடவே போகும். ஒவ்வொரு அறையா.”

யுன்-ரூவுக்குப் புல்லரித்தது. இவ்வளவு பொறுப்பா! குனிந்து வணங்கினாள். தேநீர் வரவில்லை.

பெட்டியைத் திறக்க நாள் பார்த்தார்கள். பஞ்சாங்கத்தில் அந்த வாரம் ‘கிடங்கு திறக்க ஆகாது’ என்று போட்டிருந்தது. அடுத்த வாரம் ‘கல்யாணத்துக்கு உத்தமம், கிடங்குக்கு மத்திமம்’. இப்படியே பிளம் பழுக்கும் மே மாத மழைக்காலம் வந்துவிட்டது. பிறகு ஒரு நல்ல நாளில் பெட்டி புறப்பட்டது. முதலில் இயக்குநர். பிறகு துணை இயக்குநர். பிறகு செயலகம், கணக்கு, பாதுகாப்பு, பூச்சித் தடுப்பு, நூலகம், கலைக்கூடம். ஒவ்வொரு அறையிலும் கதவு சாத்தப்படும். வெளியே பெஞ்சில் யுன்-ரூ. உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவளுக்கு அது கோயில் மணி.

கணக்குப் பிரிவில் பெட்டி பல நாள் அசையவில்லை. யுன்-ரூ ஸ்கூட்டரில் போய் ஆளுக்கொரு ஜவ்வரிசி உருண்டை போட்ட முத்துத்தேநீர் வாங்கிவந்தாள். பாதிச் சர்க்கரை, குறைந்த ஐஸ், ஒவ்வொருவர் நாக்கும் விசாரித்து.

“அக்கா, சீக்கிரம் ஒரு முத்திரை போட்டுடுங்க, ப்ளீஸ். ஜூலைக்குள்ள முடிக்கணும்.”

“போடலாம்மா. ஆனா எங்க முத்திரை இயக்குநர் முத்திரையவிடக் கீழ இருக்கணும், துணை இயக்குநர் முத்திரையவிடச் சின்னதா தெரியணும். இடம் பாத்துப் போடணும்ல? அவசரப்பட்டா அசிங்கமாயிடும்.”

“எங்கயாவது காலியா இருக்கற இடத்துல போட்டுடுங்க அக்கா!”

“அதையேதான் நாங்களும் பண்றோம்,” என்றாள் கணக்கு அக்கா, உறிஞ்சுகுழலைக் கடித்தபடி.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அம்மா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கஞ்சி குடிக்க வந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பாள்: “ஏண்டி ஆ-ரூ, நாலு வருஷமா வெறும் பேப்பரப் பத்திப் படிக்கறியாமே? மீன்ல முள்ளு இல்லன்னா காசு கூடக் கேக்கலாம். படத்துல படமே இல்லன்னா எவன் குடுப்பான்?”

“அம்மா, அது வெறும் பேப்பரான்னுதான் ஆராய்ச்சி.”

“அப்ப நாலு வருஷமா அதுவும் தெரியாது!”

கஞ்சி குடித்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து டயர்க் கடைக்காரர் மட்டும் ஆறுதலாக, “படிப்புன்னா அப்படித்தான், என் மச்சான் பையன் கடல்ல இருக்கற ஓசையைப் படிக்கறான்,” என்றார்.

ஒரு நாள் ஹுங் போன் செய்தார். “தங்கச்சி, இடம் பத்தல. பாதுகாப்புப் பிரிவு முத்திரை பெருசு.”

“கூட ஒரு தாள் ஒட்டிக்கோங்க அண்ணா.”

“ஒட்டறதா?” ஹுங்கின் குரலில் உண்மையான அதிர்ச்சி. “அதுல எப்படிம்மா ஒட்டறது? அரும்பொருள்!”

விண்ணப்பத்தைக்கூட அரும்பொருளாக மதிக்கிறாரே என்று யுன்-ரூ நெகிழ்ந்தாள்.

ஜூலையில், தெற்கே ஒரு புயல் உருண்டுகொண்டிருந்த மதியத்தில், அழைப்பு வந்தது. எல்லா முத்திரையும் விழுந்தாயிற்று. பார்வை அறைக்கு வரவும்.

கைக்கடிகாரத்தைக் கழற்றினார்கள். அவளுக்கு மட்டும் முகமூடி மாட்டினார்கள். உள்ளே நீண்ட மேசை, அதைச் சுற்றி ஒப்புதல் தந்த அத்தனை அலுவலர்களும் கல்யாணத்துக்கு வந்ததுபோல் நின்றிருந்தார்கள். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ஷி சுவரோரமாக நின்றார். பதவி உயர்வுக் கோப்பு இயக்குநரின் மேசையில் இருந்ததால் அவர் கொஞ்சநாளாகவே சுவரோரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

சுருள் மெல்ல விரிந்தது. உச்சியில் மலைநுனி. கீழே படகு. நடுவில் சிவப்பு.

யுன்-ரூ முதலில் தன் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். பனி இருந்த இடத்தின் நட்டநடுவில் உள்ளங்கை அகலச் சதுர முத்திரை: ‘போ-சியென் மகிழ்ந்து கண்டது’. அதற்குக் கீழே பணிவான இடைவெளி விட்டு, துணை இயக்குநர். பிறகு நெருக்கியடித்துக்கொண்டு மற்றவை. ‘செலவு ஏதுமில்லை’ என்று கணக்கு. ‘தீயணைப்புச் சோதனை முடிந்தது’ என்று பாதுகாப்பு. ‘பூச்சி இல்லை’. ‘இரவல் தரப்படாது’ என்று நூலகம். கலைக்கூடத்தின் முத்திரையில் ஒரு குட்டிப் படகு சிரித்தது.

“ஐயா,” என்றாள் யுன்-ரூ. “ஐயா, இது… இது படம்.”

“படம்தான்,” என்றார் ஔயாங்.

“முத்திரைய விண்ணப்பத்துலல்ல போடணும்?”

“விதியில என்ன இருக்கு? வெற்றிடத்துல போடணும். உன் விண்ணப்பத்துல வெற்றிடமே இல்லையேம்மா! மூலை முடுக்கெல்லாம் நிரப்பி வச்சிருக்கே. எல்லாரும் தேடிப் பாத்தோம். வெற்றிடம் எங்க இருந்துச்சு? இங்கதான் இருந்துச்சு. இதுல எவ்ளோ வெற்றிடம் இருக்குன்னு நாலு தலைமுறையா எழுதியிருக்காங்க. நீயே உன் விண்ணப்பத்துல பின்பக்கம் எழுதியிருக்கே.”

“‘இந்த ஓவியத்தின் சாரம் அதன் வெற்றிடமே’ன்னு இருக்கு,” என்று துணை இயக்குநர் எடுத்துக்கொடுத்தார்.

யுன்-ரூவின் பார்வை செயலகத்து முத்திரையில் நின்றது. ‘மூலத்தோடு ஒத்துள்ளது.’

“இது… எதோட ஒப்பிட்டீங்க?”

“இதோடதான்,” என்றார் செயலர், கொஞ்சம் புண்பட்டு. “ரெண்டு தடவ ஒப்பிட்டேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல.”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. ஔயாங் அதைப் பார்த்தார். கண்ணீர் பொருளின் மேல் விழுந்தால் ஈரப்பதம் கூடும் என்பதால் அவளை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு இதமாகப் பேசினார்.

“பேரரசர் பெரிய ஓவியங்கள்ல முத்திரை குத்தினப்ப யாராவது அழுதாங்களா? அழுதிருப்பாங்க. அவங்க பேரு வரலாற்றுல இருக்கா? இல்ல. அவரு பேரு இருக்கு. இத யோசிச்சுப் பாரு. நேத்துவரைக்கும் இதுல ஒரே ஒரு துறவியோட கை இருந்துச்சு. இன்னைக்கு ஒரு நிறுவனத்தோட கையே இருக்கு. இனி வர்ற ஆராய்ச்சியாளர்களுக்கு எவ்ளோ தகவல்! நீ ஒன்னுமில்லாதத தேடி வந்தே. நாங்க உனக்கு ஏதோ குடுத்திருக்கோம்.”

யுன்-ரூ பேராசிரியர் ஷியைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தலைப்ப ரொம்ப மாத்த வேண்டியதில்ல யுன்-ரூ. ‘வெற்றிடம்’ங்கறதுக்கு முன்னால ‘முன்னாள்’னு ஒரு சொல் சேத்துட்டா போதும்.”

“லாவ்ஷி!” என்றாள், ஆசிரியரை அழைக்கும் முறையில். “நான் கேட்ட கேள்வி? விட்டதா, வரைஞ்சதா?”

“நல்ல கேள்விதான். கேள்வி நல்லா இருந்தா பதில் அவசியமில்லன்னு ஒரு மரபு இருக்கு.”

அப்போதுதான் அவள் கவனித்தாள். படகுக்காரனின் துடுப்புக்குச் சற்று மேலே, ‘பூச்சி இல்லை’க்கும் ‘செலவு ஏதுமில்லை’க்கும் நடுவில், ஓர் அஞ்சல்தலை அளவுக்கு இடம் மிச்சமிருந்தது. முத்திரை படாத பனி. பையிலிருந்த உருப்பெருக்கியைத் தொட்டாள்.

“ஐயா, அந்த இடத்த மட்டும் ஒரு நிமிஷம்…”

“பாக்கலாம், பாக்கலாம். முதல்ல போட்டோ!” என்றார் ஔயாங். “நடுவத்தோட முதல் பயனாளி! எல்லாரும் வாங்க. பதாகை எங்க?”

பதாகை வந்தது. ‘மரபு, மாணவர் கையில்!’ மேசைக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்றார்கள். உயரம் குறைந்தவர்கள் முன்னால். யுன்-ரூவை நடுவில் இழுத்து நிறுத்தி, பதாகையின் ஒரு முனையைக் கொடுத்தார்கள். எல்லோருடைய முதுகும் ஓவியத்தைப் பார்த்திருந்தது. சாளரத்திலிருந்து வந்திருந்த ஹுங் ஒரு கையில் கடைசி முத்திரையையும் மறுகையில் மைப்பெட்டியையும் வைத்துக்கொண்டு, போட்டோ முடியக் காத்திருந்தார். அது ‘பார்வை முடிந்தது’ முத்திரை. அதற்கு ஓர் அஞ்சல்தலை அளவு இடம் போதும்.

“கட்டைவிரல்! எல்லாரும் கட்டைவிரல தூக்குங்க! ஒன்னு, ரெண்டு…”

“பொறுங்க, லியென் கண்ண மூடிட்டாரு. இன்னொன்னு.”

“இயக்குநர் ஐயா, கொஞ்சம் இடதுபக்கம். மோதிரம் தெரியல.”

யுன்-ரூ பதாகையின் முனையைத் திருமதி தூவின் கையில் திணித்துவிட்டுத் திரும்பினாள். உருப்பெருக்கியை எடுத்துக் குனிந்தாள். அந்தப் படத்தைப் பிறகு நடுவத்தின் சுவரில் மாட்டினார்கள்: இரண்டு வரிசைச் சிரிப்பு, ஏகப்பட்ட கட்டைவிரல்கள், நடுவில் ஒரு பெண்ணின் முதுகு.

அவள் பார்த்தாள். தூரிகை ஓடிய தடம் இருந்தது. வெண்சுண்ணச் சாயம், மூச்சைப்போல் மெல்லியது, ஒருமுறை இடமிருந்து வலமாக, காய்ந்தபின் இன்னொருமுறை. தாளை விட்டதல்ல, வரைந்தது. நான்கு வருடக் கேள்விக்குப் பதில் அஞ்சல்தலைக்குள் இருந்தது. லென்ஸை இன்னும் தாழ்த்தினாள். சாயத்துக்கு அடியில் இன்னொன்று தெரிந்தது. இரண்டாம் தடவை பார்த்து உறுதிசெய்துகொண்டாள். அழுத கண்ணோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகமூடி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

“முடிஞ்சுதா தங்கச்சி?” என்றார் ஹுங்.

“முடிஞ்சுது அண்ணா.”

டொக்.

வாய்மொழித் தேர்வு ஜூலையின் கடைசி வாரத்தில் நடந்தது. குழுவில் தைபேயிலிருந்து வந்த பேராசிரியை ஜுவாங் தலைவர்; சூனியத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் செங்கல் கனம். கூட இயக்குநர் ஔயாங், பேராசிரியர் ஷி. யுன்-ரூவின் ஆய்வேடு மூவர் முன்னாலும் இருந்தது. பேராசிரியை ஜுவாங்கின் பிரதி முதுகு மடியாமல் புத்தம்புதிதாக இருந்தது. ஔயாங்கின் பிரதியில் நன்றியுரைப் பக்கம் மட்டும் ஓரம் மடிந்திருந்தது. பேராசிரியர் ஷி மட்டும் முழுதும் பார்த்திருந்தார். அடிக்குறிப்புகளின் எழுத்தளவு சரியாக இருந்தது.

மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் பேசினார்கள். அந்த வெற்றிடம் கீழைத்தேய ஆன்மாவின் கண்ணாடி என்றார் பேராசிரியை ஜுவாங். அந்தக் கண்ணாடியில் இன்று நம் நிறுவனத்தின் முகம் தெரிகிறது என்றார் ஔயாங். இரண்டும் ஒரே கருத்துதான் என்றார் ஷி. ஊர் திரும்பும் ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் பேராசிரியை ஜுவாங் கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து, தேர்ச்சித் தாளில் குத்தினார். மற்ற இருவரும் குத்தினார்கள். வெளியே தாழ்வாரத்தில் அம்மா, யாருக்கும் சொல்லாமல் கடையைச் சாத்திவிட்டு வந்து, கொய்யாப்பழப் பையோடு நின்றிருந்தாள்.

“வாழ்த்துகள். முதுகலை ஆயிட்டே,” என்றார் பேராசிரியை ஜுவாங், பையை மூடியபடி. “சும்மா ஒரு ஆர்வத்துக்குக் கேக்கறேன். நீ அந்தப் பனிய பக்கத்துல போய்ப் பாத்தியாமே. எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. என்னதாம்மா இருந்துச்சு?”

“வரைஞ்ச பனிதான், லாவ்ஷி. சுண்ணம் பூசியிருக்கு. தாள விட்ட இடமில்ல.”

“ஆகா!” ஔயாங் கண்களை மூடிக்கொண்டார். “சூனியத்தையே கையால வரைஞ்சிருக்கான்!”

“எதுக்கு வரைஞ்சான்னு நினைக்கறே?” என்றார் பேராசிரியை ஜுவாங். நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அடுத்த புத்தகம் கண்ணில் தெரிந்தது. “மௌனத்துக்கா? மூச்சுக்கா?”

“அடியில இருந்தத மறைக்கறதுக்கு, லாவ்ஷி. மூணாவது இயல்ல எழுதியிருக்கேன்.”

மூவரும் மூன்றாவது இயலைத் தேடினார்கள். ஒற்றைச்செருப்புத் துறவிக்கு அந்தத் தாள் அரசாங்க நெல்கிடங்கிலிருந்து கிடைத்திருக்கிறது. பனிக்கு அடியில் கிடங்கு அதிகாரியின் சிவப்பு முத்திரை இருந்தது. அதில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது.